ஓய்மா நாட்டு மடைநூல்

சென்னையிலிருந்து தெற்கே போகும் ரயில் திண்டிவனத்தைத் தாண்டும்போது யாரும் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்புவதில்லை. அடுத்தது விழுப்புரம் ஜங்ஷன், அங்கே வண்டி நிற்கும், காப்பி வாங்கலாம் என்ற எண்ணந்தான் எல்லோருக்கும். செஞ்சிக்கும் புதுச்சேரிக்கும் போகிறவர்கள் பஸ் மாறுகிற ஊர் என்பதற்கு மேல் திண்டிவனத்துக்கு ஒரு கீர்த்தி உண்டு என்று பலர் நினைப்பதே இல்லை. பெயரிலேயே சமையல் வாசனை அடிப்பதையாவது கவனித்திருக்கலாம். திந்திரிணி என்றால் வடமொழியில் புளி. திந்திரிணி வனம், அதாவது புளியங்காடு, நாளடைவில் தேய்ந்து திண்டிவனம் ஆயிற்று என்பார்கள். ஊர்ச் சிவன் கோயிலில் சுவாமிக்குத் திருநாமம் திந்திரிணீசுவரர். புளியின் பெயரை ஈசுவரனுக்கே சூட்டிய ஊர்க்காரர்கள் ருசி தெரிந்தவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

இந்தப் புளியங்காட்டுக்குள் அதைவிடப் பழைய ஊர் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் கிடங்கில். இன்று அது திண்டிவனம் நகரத்தோடு சேர்ந்து போய்விட்டது. கிடங்கு என்றால் பழந்தமிழில் அகழி. நாமோ இப்போது சரக்கு மூட்டைகளை அடுக்கி வைக்கும் இடத்தைக் கிடங்கு என்கிறோம். அகழியால் சூழப்பட்ட அந்த ஊர் ஒரு காலத்தில் தலைநகரம். அதிலிருந்து ஓய்மா நாட்டை ஆண்டவன் பெயர் நல்லியக்கோடன். ஓய்மா நாடு என்ற பெயர் பிற்காலத்தில் சோழர் கல்வெட்டுகளிலும் தொடர்ந்து வருகிறது. ஆகவே இது புலவர் கட்டிய கற்பனை நாடு அல்ல.

நல்லியக்கோடன் பெரிய பேரரசன் ஒன்றும் அல்லன். ஆனாலும் அவனுக்கு ஓர் அதிர்ஷ்டம் இருந்தது. இடைக்கழி நாட்டு நல்லூர் நத்தத்தனார் என்ற புலவர் அவன்மேல் 269 அடிகளில் ஒரு பாட்டுப் பாடினார். அதுதான் பத்துப்பாட்டில் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை. ஓலைச் சுவடிகளில் இருந்த பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு உ. வே. சாமிநாதையர் 1889-ல் அச்சிட்டார். இல்லாவிட்டால் கிடங்கிலுக்கும் எனக்கும் சம்பந்தமே ஏற்பட்டிருக்காது.

ஆற்றுப்படை என்பது வழி சொல்லும் பாட்டு. வள்ளல் ஒருவனிடம் பரிசு பெற்றுத் திரும்புகிற பாணன், எதிரே பசியோடு வருகிற இன்னொரு பாணனைப் பார்க்கிறான். ‘நீயும் அங்கே போ’ என்று வழி சொல்லி அனுப்புகிறான். வழி சொல்லும்போதே எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறான். பசித்தவனுக்கு மைல் கல்லைக் காட்டி என்ன பிரயோஜனம்?

இந்தப் பாட்டை நான் ஒரு சமையல் ஏடாகப் படிக்கத் தொடங்கியதற்குக் காரணம், விழுப்புரத்தில் குடித்தனம் செய்யும் என் தம்பி மகள். அவளுடைய கைப்பேசிக்குள் எழுநூறுக்கு மேற்பட்ட சமையல் குறிப்புகள் இருக்கின்றன. தாயார் நீள நோட்டில் எழுதி வைத்தவை, பத்திரிகைகளிலிருந்து கிழித்தவை, அத்தைமார் சொல்லக் கேட்டவை என்று எல்லாவற்றையும் உள்ளே ஏற்றி வைத்திருக்கிறாள். கிடங்கு என்ற சொல்லுக்கு இன்றைய அர்த்தம் இங்கே பொருந்தும்.

“இவ்வளவையும் எப்போதம்மா சமைக்கப் போகிறாய்?” என்று கேட்டேன்.

“எல்லாத்தையும் யார் பெரியப்பா சமைக்கிறது? வேணுங்கிறது வேணுங்கிற நேரத்துல கையில கிடைக்கணும். அதுதான் விஷயம்” என்றாள்.

அவள் காட்டிய வித்தை எனக்குப் பிடித்திருந்தது. ஒவ்வொரு குறிப்புக்கும் சில அடையாளங்களைப் போட்டிருக்கிறாள்: முக்கியமான பொருள் என்ன, காலைக்கா இரவுக்கா, எத்தனை நேரம் ஆகும், யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது. ‘புளி வேண்டாம், அரை மணிக்குள் முடிய வேண்டும், இரவுக்கு’ என்று கேட்டால் மற்றவை எல்லாம் மரியாதையாக விலகி நிற்க, ஒரு பத்துப் பன்னிரண்டு மட்டும் முன்னால் வருகின்றன. அந்தத் தேர்வுக்கு ஒரு பெயர் வைத்துச் சேமித்தால் அது ஒரு புத்தகம் ஆகிவிடுகிறது. ‘பரீட்சைக் காலம்’ என்று பிள்ளைகளுக்கு ஒரு புத்தகம். ‘விரத நாள்’ என்று ஒன்று. ‘அத்தைக்கு’ என்று மாமியாருக்கு ஒன்று. அந்த அம்மாளுக்கு ரத்த அழுத்தம். உப்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் உத்தரவு. நாளைக்கே அதே அடையாளங்களோடு புதிய கூட்டு ஒன்றைச் சேர்த்தால் அது தானாகவே அந்தப் புத்தகத்தில் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். அவள் பத்திரப்படுத்துவது சலித்த மாவை அல்ல, சல்லடையை.

சல்லடையைப் பத்திரப்படுத்தும் வித்தை தமிழர்களுக்குப் புதிதல்ல என்பது ரயிலேறி உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது, தெய்வத்துக்கு அடுத்தபடியாக உணவைத்தான் வைத்தார். மரமும் பறவையும் பறையும் யாழும் அதற்குப் பிறகு வருகின்றன. குறிஞ்சி என்றால் தினையும் தேனும். முல்லை என்றால் வரகும் சாமையும். மருதம் என்றால் நெல். நெய்தல் என்றால் மீனும் உப்பும் விற்றுப் பெற்ற பண்டம். பாலை என்றால் வழியில் பறித்தது. உரையாசிரியர்கள் இப்படி விரித்துச் சொல்வார்கள். நிலத்தின் பெயரைச் சொன்னால் போதும், சாப்பாடு வந்து நிற்கும். புதிய புலவர் ஒருவர் புதிய நெய்தல் பாட்டு ஒன்று பாடினால் அதில் மீன் தானாக வந்து சேரும்.

நத்தத்தனார் கையில் இந்தச் சல்லடை இருந்தது. ஓய்மா நாட்டுக்குள் நுழைகிற பாணனுக்கு அவர் முதலில் காட்டுவது எயிற்பட்டினம் என்ற கடற்கரை ஊர். அது இன்றைய மரக்காணம் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. அங்கே அலைகள் வாசனை மரங்களைக் கரையில் ஒதுக்கியிருக்கின்றன. அவை கிடக்கிற கிடையைப் பார்த்தால் ஒட்டகங்கள் படுத்துத் தூங்குவது போல இருக்கிறதாம். ஒட்டகத்தைத் தென்னாற்காட்டுக் கடற்கரையில் நத்தத்தனார் எங்கே பார்த்தாரோ! துறைமுகத்துக்கு அயல்நாட்டார் வந்து போன காலம். அந்த மரத்தையே விறகாக்கித் தீ மூட்டி, நுளையர் மகள் அரித்தெடுத்த பழைய கள்ளைப் பரதவர் தருகிறார்கள். அதற்குத் துணையாகக் காய்ந்த குழல் மீனைச் சுட்டுத் தருகிறார்கள்.

அடுத்தது வேலூர். கோட்டையும் ஜெயிலும் உள்ள வேலூர் அல்ல. திண்டிவனத்துக்கும் மரக்காணத்துக்கும் இடையில் உள்ள உப்புவேலூர் என்று சொல்வோர் உண்டு. அங்கே எயினர் குலப் பெண் புளியிட்டுச் சமைத்த சூடான சோற்றைப் போடுகிறாள். கூடவே காட்டுப் பசுவின் சுட்ட இறைச்சி. புளியங்காட்டு ஊருக்குப் பக்கத்தில் புளிச்சோறு. புளியோதரைப் பிரியர்கள் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். இறைச்சியைப் பற்றி அவர்கள் என்ன சொல்வார்களோ தெரியாது.

பிறகு ஆமூர். இது வயல் நாடு. உழவர் வீட்டுப் பெண் நெல்லைக் குற்றிக் குற்றி உலக்கையின் இரும்புப் பூண் தேய்ந்து போயிருக்கிறது. அப்படித் தீட்டிய அரிசியில் வடித்த வெள்ளைச் சோறும், கவைக்கால் நண்டுக் கலவையும் அங்கே உண்டு. விருந்தாளி நழுவிப் போய்விடாமல் தடுக்க அவள் தன் பிள்ளைகளையே வாசலுக்கு அனுப்புகிறாள். உலக்கைப் பூண் தேய்ந்ததைச் சொன்ன நத்தத்தனாருக்கு நான் மனத்துக்குள் ஒரு கும்பிடு போட்டேன். அந்த வீட்டில் எத்தனை வருஷமாக எத்தனை பேர் சாப்பிட்டிருக்கிறார்கள் என்பது அந்த ஒரு விவரத்தில் அடங்கிவிட்டது.

கடைசியில் கிடங்கில். நல்லியக்கோடன் தானே பக்கத்தில் நின்று, பொன் கலத்தில் பரிமாறி உபசரிக்கிறான். என்ன பரிமாறினான்? இங்கேதான் புலவர் நம்மைத் திகைக்க வைக்கிறார். காண்டவ வனத்தை எரித்த அர்ச்சுனனுக்கு முன் பிறந்த பீமன் எழுதிய நுட்பமான சமையல் நூல் ஒன்று உண்டு. அந்த நூல் சொன்ன முறையிலிருந்து பிசகாமல் ஆக்கிய பலவகை உணவுகள் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறார். அந்த நூலுக்கு நச்சினார்க்கினியர் காட்டும் பெயர் மடைநூல். மணிமேகலையில் கணிகையர் கற்க வேண்டிய கலைகளை அடுக்கும்போதும் இதே மடைநூல் வருகிறது. ஆகவே சமையலுக்கு என்று ஒரு சாஸ்திரம் இருந்தது, அதைப் படித்தவர்களும் இருந்தார்கள் என்பதில் சந்தேகம் இல்லை.

பீமனுக்கும் அடுப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறவர்கள் விராட பர்வத்தை மறந்தவர்கள். அஞ்ஞாத வாசத்தின்போது அவன் விராட ராஜனின் மடைப்பள்ளியில் சமையற்காரனாக வேலை பார்த்தான். பாக சாஸ்திரத்துக்கு இன்னொரு பெரிய பெயர் நளன். அவனும் நாட்டை இழந்து, உருவம் மாறி, இன்னொரு ராஜாவிடம் ஊழியம் செய்தவன். நம் நாட்டில் சமையல் நூல் எழுதிய புகழெல்லாம் பதவி போன ராஜாக்களுக்குத்தான்! வீட்டில் தினமும் அடுப்பு மூட்டுகிறவர்களுக்கு ஏட்டைக் கையில் எடுக்க ஒழிவு ஏது?

பாட்டை இரண்டாம் முறை படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. எயிற்பட்டினத்திலும் வேலூரிலும் ஆமூரிலும் சமைத்தவள் யார் என்பது தெரிகிறது. நுளையர் மகள், எயினப் பெண், உழவர் வீட்டுப் பெண். புத்தகம் இல்லை. அரண்மனைக்கு வந்தால் புத்தகம் இருக்கிறது. சமைத்தவள் யார் என்ற பேச்சே இல்லை. அதைவிட வேடிக்கை, புத்தகம் இல்லாத மூன்று ஊர்களில் என்ன சாப்பிட்டார்கள் என்று நாம் இன்றைக்கும் சொல்ல முடியும். புத்தகம் இருந்த அரண்மனையில் ஒரு பண்டத்தின் பெயர்கூட மிஞ்சவில்லை. பலவகை உணவுகள் என்பதை வைத்துக்கொண்டு யாரால் அடுப்பு மூட்ட முடியும்?

இது நம் நாட்டுக்கு மட்டும் நேர்ந்தது அல்ல. ரோமாபுரியிலிருந்து அபீசியஸ் என்ற பெயரில் வந்திருக்கும் பழைய சமையல் தொகுப்பு பத்துப் பாகமாகப் பிரிந்திருக்கிறது. பறவைக்கு ஒன்று, நாற்கால் பிராணிகளுக்கு ஒன்று, மீனுக்கு ஒன்று என்று. 12-ஆம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரன் தொகுத்த மானஸோல்லாஸத்தில் அரசனுடைய சாப்பாட்டுக்கென்றே தனிப் பகுதி உண்டு. தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி காலத்து மராத்திச் சுவடிகளில் அரண்மனைப் பாகம் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. சரஸ்வதி மகாலுக்குப் போகிறவர்கள் விசாரித்துப் பார்க்கலாம். எல்லாம் ராஜாக்கள் வீட்டுச் சல்லடை. அதன் கண் வழியே இறங்கியது மட்டும் ஏட்டில் ஏறியது.

கல்லில் ஏறிய சாப்பாடும் உண்டு. விழுப்புரத்துக்கு அருகே எண்ணாயிரம் என்ற ஊரில் முதலாம் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அங்கே 340 மாணவர்களும் 14 ஆசிரியர்களும் கொண்ட பெரிய வேதக் கல்லூரி நடந்தது. இளைய மாணவனுக்கு நாள் ஒன்றுக்கு 6 நாழி நெல். மேல்படிப்புப் படிக்கிறவனுக்கு ஒரு குறுணி இரண்டு நாழி, அதாவது 10 நாழி. இளையவர்கள் 270 பேர், மூத்தவர்கள் 70 பேர். கணக்கு மணி மணியாக இருக்கிறது. ஆனால் அந்த 340 பிள்ளைகளுக்கு என்ன குழம்பு ஊற்றினார்கள் என்று தேடினால் கிடைக்காது. தெற்கே அம்பாசமுத்திரத்தில் வரகுண பாண்டியன் காலத்துக் கல்வெட்டுக் கொஞ்சம் தாராளம். சுவாமிக்குப் படைத்த புளிங்கறியும் பொரிக்கறியும் அதில் இருக்கின்றன. மிளகு, மஞ்சள், சீரகம், கடுகு, கொத்தமல்லி எல்லாம் இருக்கின்றன. மிளகாய் இல்லை. அது போர்த்துக்கீசியர் கப்பலில் வந்து சேர இன்னும் பல நூறு வருஷங்கள் பாக்கி இருந்தன.

அடுப்படியில் நின்ற பெண் ஒருத்தி தானே எழுதி, அதைத் தமிழ்நாட்டு வீடுகள் எல்லாம் வாங்கிக்கொண்ட காலம் வெகு பின்னால் வந்தது. எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951-ல் வெளிவந்தது. இளம் வயதிலேயே கணவரை இழந்த அந்த அம்மாளுடைய கைப்பக்குவத்தை அறிந்த உறவினர் ஒருவர், அதை எழுதும்படி தூண்டினார். கல்யாணமாகித் தூர தேசம் போகிற பெண்களின் பெட்டியில் அது புடைவைகளுக்கு நடுவே போயிற்று. ஆங்கிலத்திலும் வந்தது. பீமன் பெயரில் இருந்த நூலுக்குக் கிடைக்காத ஆயுள் அதற்குக் கிடைத்திருக்கிறது. அதுவும் ஒரு சல்லடைதான். ஒரு குடும்ப மரபின் மரக்கறிச் சமையல் அதில் இருக்கிறது. நுளையர் மகளின் சுட்ட மீன் அதில் இராது. அதற்காக அந்த அம்மாளைக் குறை சொல்ல முடியுமா? தமக்குத் தெரிந்ததை அளவு தவறாமல் எழுதினார். மற்ற அடுப்படிகளில் நின்றவர்களிடம் பேனாவைக் கொடுத்து எழுதச் சொல்ல அந்த நாளில் யார் இருந்தார்கள் என்பதுதான் கேள்வி.

இனி நத்தத்தனாரிடம் திரும்பிப் போகலாம். அவருடைய பாட்டில் நான் இதுவரை சொல்லாத சமையல் ஒன்று பாக்கி இருக்கிறது.

பரிசு பெற்றுத் திரும்பும் பாணன் நல்லியக்கோடனைப் பார்ப்பதற்கு முன் தன் வீடு எப்படி இருந்தது என்பதை மறைக்காமல் சொல்கிறான். கூரை விழுந்த அடுக்களை. சுவரில் கறையான், தரையில் காளான். அங்கே ஒரு நாய் குட்டி போட்டிருக்கிறது. இன்னும் கண் திறவாத குட்டிகள் பால் குடிக்க வருகின்றன. தாயிடம் பால் இல்லை. வலி பொறுக்காமல் அது குரைக்கிறது. அந்த அடுக்களையில்தான் கிணைப்பறை கொட்டுகிறவனுடைய மனைவி சமைக்கிறாள். நத்தத்தனார் சொன்னதை என் தம்பி மகளுடைய முறையில் எழுதினால் இப்படி வரும்:

பொருள்: குப்பைமேட்டில் முளைத்த வேளைக்கீரை. கருவி: கைநகம். உப்பு: இல்லை. செய்முறை: வேக வைக்கவும். பரிமாறும் முறை: பிறர் பார்த்துவிடாமல் முதலில் கதவைச் சாத்தவும், பிறகு சுற்றத்தார் எல்லோருக்கும் பங்கு வைக்கவும்.

சங்கப் பாட்டுகளில் இத்தனை முழுமையான சமையல் குறிப்பு அபூர்வம். பொருள் இருக்கிறது, கருவி இருக்கிறது, பக்குவம் இருக்கிறது, உண்ணும் முறையும் இருக்கிறது. அளவு ஒன்றுதான் இல்லை. எவ்வளவு கிடைத்ததோ அவ்வளவு.

இதை அந்தக் கைப்பேசிக்குள் ஏற்றினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். கீரை, உப்பு இல்லை, அரை மணிக்குள் ஆகிவிடும் என்று அடையாளம் போட வேண்டும். போட்ட மாத்திரத்தில் அது ‘அத்தைக்கு’ என்ற புத்தகத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். யந்திரத்தின்மேல் தப்பு இல்லை. டாக்டரும் பார்த்தால் ‘பேஷ்!’ என்பார். ஒரு வீட்டில் உப்பு இல்லாதது வைத்திய முறை. இன்னொரு வீட்டில் அது வெளியே சொல்ல முடியாத அவமானம். சல்லடைக் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கதவைச் சாத்தியதற்கு எந்த அடையாளம் போடுவது?

நல்லியக்கோடனுக்கு முன்னால் நின்று பாடுகிறவர் இந்தக் கதவு சாத்திய சமாசாரத்தைச் சல்லடையில் நிறுத்தியிருக்கலாம். அரசன் காதுக்கு இனிக்கிற விஷயமா அது? பொன் கலத்தையும் பீமன் நூலையும் பாடிவிட்டுப் போயிருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் என்ன செய்தார் என்றால், பொன் கலத்தில் பரிமாறியதற்கு விவரம் கொடுக்காமல் விட்டார். குப்பைக் கீரைக்கு நகத்தைக்கூட விடாமல் சொன்னார். இத்தனை காலம் கழித்து அந்த இரண்டில் எது நம் கைக்கு வந்திருக்கிறது என்பதைப் பாருங்கள்.

வேளை இன்றும் இருக்கிறது. நல்வேளை என்று சொன்னால் நாட்டு வைத்தியர்களுக்குத் தெரியும். மழை பெய்து நின்றால் சாலை ஓரத்திலும் குப்பைமேட்டிலும் தானாக முளைக்கும். யாரும் விதை போடுவதில்லை. சிலர் பறித்துச் சமைக்கிறார்கள், உப்புப் போட்டுத்தான்.

உப்புக்கு அந்தப் பக்கத்தில் இப்போது பஞ்சம் இல்லை. திண்டிவனத்திலிருந்து கிழக்கே சுமார் 35 கிலோ மீட்டர் போனால் மரக்காணம். பாத்தி பாத்தியாக உப்பளங்கள் கண்ணைக் கூசுகின்றன. நத்தத்தனார் காலத்திலும் பஞ்சம் இருந்ததாகத் தெரியவில்லை. அவருடைய பாட்டுக்குள்ளேயே உப்பு வண்டிகள் வருகின்றன. உமணர்கள் எருது பூட்டி வரிசையாக ஓட்டிக்கொண்டு வந்த வண்டிகள். அவற்றோடு வந்த உமணப் பிள்ளைகள். கொற்கைத் துறையில் விளையாடுகிற மந்திகளுக்கு அந்தப் பிள்ளைகளைத்தான் உவமை சொல்கிறார். அப்படி ஒரு வண்டி கிணைப்பறை கொட்டுகிறவன் வீட்டுத் தெரு வழியாகவும் போயிருக்கும். காசு இல்லை என்றாலும் பாதகம் இல்லை. நெல் எவ்வளவோ அவ்வளவு உப்பு என்று சரிக்குச் சரி அளந்து மாற்றிக்கொண்ட காலம் அது. ஆனால் அவளிடம் ஒரு நாழி நெல் இருந்திருந்தால், நகத்தால் கீரை கிள்ளக் குப்பைமேட்டுக்கு எதற்காகப் போகிறாள்?